‘நல்லா இருக்கு மச்சான்’ போதாது: வீட்டில் பதிந்த ராக் பாட்டுக்குக் கருத்து வாங்கிய கதை

மூன்று பாட்டும் ஒருவழியாக முடிந்தன. முடிந்தன என்றால், இனி ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டன. வீட்டில் மைக் வைப்பது எப்படி, கிட்டாரைப் பதிவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பதிந்ததை யாருக்குப் போட்டுக் காட்டுவது, அவர்களிடம் என்ன கேட்பது, வருகிற பதிலில் எதைக் கணக்கில் எடுத்து எதைக் காற்றில் விடுவது, இதில்தான் நான் நெடுநாள் சுற்றிச் சுற்றி வந்தேன். அதனால் இதில் ரெக்கார்டிங் பாதி, கருத்து வாங்கியது பாதி.

சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வாடகை வீடு, பத்துக்குப் பத்து அறை. மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போடு இணைக்க, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோக்கஸ்ரைட் 2ஐ2 இன்டர்ஃபேஸ் 7,000 ரூபாய். பாட்டுக்கும் கிட்டார் ஆம்புக்கும் சேர்த்து ஒரே மைக், அஹூஜா டைனமிக், 1,500 சொச்சம். திருவிழா மேடையில் பார்ப்பீர்களே, கழுத்தில் ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்த அதே வகைதான். பாடும்போது விரல் பட்டு ஆஃப் ஆகிவிடுகிறது என்பதால் சுவிட்சின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டேன். ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் ஹெட்ஃபோன் 4,500. பத்து வாட் பிராக்டிஸ் ஆம்ப் ஏற்கெனவே இருந்தது, பேஸ் கிட்டார் இரவல். லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருள், 60 நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். கேட்பதற்கு மேசைக்குக் கீழே மூலையில் சப்-வூஃபர் தள்ளி வைத்த பழைய 2.1 கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். இந்த சப்-வூஃபர் பின்னால் வில்லனாக வரும்.

டிரம்ஸ் வைக்க இடமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுமையும் இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் டிரம் பலகை) வாசிக்கும் நண்பன் ஒருவன் வந்து வாசித்துக் கொடுத்தான். மைக் இல்லாமல் நேரடியாக லைனில் எடுத்தால் கல்யாண ரிசப்ஷன் சத்தம்தான் வருகிறது. அதனால் அந்த டிராக்கை கிட்டார் ஆம்ப் வழியாக அறைக்குள் ஓடவிட்டு, மூன்றடி தள்ளி மைக் வைத்துத் திரும்பப் பதிந்தேன். அறையின் சத்தமும் சேர்ந்து வந்ததும்தான் ராக் மாதிரி ஆனது. ஸ்நேர் அடிக்கும்போதெல்லாம் இரும்பு பீரோவின் கதவு ‘ஜிர்ர்’ என்று கூடவே பேசியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது லோ-ஃபை, அதாவது வேண்டுமென்றே கரடுமுரடாக விட்ட ஒலி. அதற்காக எடுத்த கேசட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1979-ல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக், ஆனால் டேப் வழக்கமான வேகத்தைப்போல இரண்டு மடங்கில், நொடிக்குச் சுமார் 9.5 சென்டிமீட்டர் ஓடும். அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982 ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் அந்தப் பெட்டியில் வீட்டில் மாதிரிக்காகப் பதிந்ததுதான். இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் திரும்பப் பதிந்து பார்த்துவிட்டு, கடைசியில் அந்த வீட்டு டேப்பையே வெளியிட்டார்கள். கேட்டுப் பார்த்து, மெருகேறியதை ஒதுக்கிவிட்டுக் கரடுமுரடானதை எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அந்தப் பெட்டி இங்கே கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் சொத்தை எழுதிக் கேட்பார்கள். என்னிடம் இருந்தது மாமா வீட்டுப் பரணில் கிடந்த சாதாரண கேசட் டெக். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் என்பதால் ஹிஸ் (டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல்) கூடும், மேல்சத்தம் மங்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

டெக்கை ஓட வைக்க, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிட்சி தெருவில் ரப்பர் பெல்ட் வாங்கினேன், அளவுக்குப் பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது, கடைக்காரர் விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஹெட்டைத் துடைத்தால் காப்பிக்கறை நிறத்தில் அழுக்கு வந்துகொண்டே இருந்தது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். டேப்பை இழுத்து ஓட்டும் பிஞ்ச் ரோலரையும் துடைக்க வேண்டும், அதில் பளபளப்பு ஏறியிருந்தால் டேப் வழுக்கும்.

முதலில் டிரம்ஸை மட்டும் டேப்பில் ஏற்றி, அங்கிருந்து திரும்ப லேப்டாப்புக்கு இறக்கினேன். லேப்டாப்பில் மற்ற டிராக்குகளோடு வைத்துப் பார்த்தால், முதல் நிமிடம் ஒன்றாக நடந்துவிட்டு அப்புறம் கிட்டாரும் டிரம்ஸும் தம்பதியர் சண்டை போட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பெல்ட்டில் ஓடும் மோட்டார் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் ஓடாது. வெட்டி வெட்டி ஒட்டிப் பார்த்துக் கை ஓய்ந்து, வரிசையையே மாற்றினேன்: டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் மிக்ஸ் செய்து மொத்தமாக டேப்பில் ஏற்றி இறக்குவது, அந்த டேப்பைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் பாடுவது. டேப் எப்படி ஓடினாலும் பாட்டு அதோடு போகும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இலவம்பஞ்சு மெத்தையைப் பின்னால் சாய்த்து நிறுத்திக்கொண்டு பாடியதைப் பற்றி எழுதப்போவதில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, பாட்டு தயார். வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன். ‘செம’, ‘சூப்பர் டா’, நான்கைந்து நெருப்பு, ‘அப்புறம் கேட்டுட்டு சொல்றேன்’. கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் அனைவரும் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஆம்பை மாற்றச் சொன்னார்கள். ஒருவன் மட்டும் கடுமையாக, ‘முழுக்க இரைச்சல், ஒண்ணுமே புரியல’ என்று எழுதியிருந்தான். மனம் நொந்து விசாரித்தால், அவனுக்கு நான் அனுப்பவே இல்லை; வேறொருவன் லேப்டாப்பில் ஓடவிட்டு, ஃபோனை எதிரே பிடித்து வாய்ஸ் நோட்டாகப் பதிந்து அவனுக்குத் தள்ளியிருக்கிறான். பேச்சுக்காகவே சுருக்கப்பட்ட வாய்ஸ் நோட்டில் ஏற்கெனவே கேசட்டில் ஊறிய கிட்டார் போனால் என்ன ஆகும்? அவன் சொன்னது உண்மைதான், ஆனால் என் பாட்டைப் பற்றியல்ல.

அதனால் முதல் வேலை, எல்லாரும் ஒரே கோப்பைக் கேட்கிறார்களா என்று உறுதி செய்வது. 16 பிட் வேவ் கோப்பு நிமிடத்துக்குப் பத்து எம்பி வருகிறது, டேட்டா தீர்ந்தவர்கள் திறக்கவே மாட்டார்கள். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நான்கு நிமிடப் பாட்டு பத்து எம்பிக்குள் அடங்கும். வாட்ஸப்பில் ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். கோப்புக்கு ‘பாட்டு2_பைனல்_புதுசு’ என்றெல்லாம் பெயர் வைக்கக்கூடாது. ‘புதுசு’ என்று பார்த்தாலே அது மேம்பட்டது என்று காது முடிவு கட்டிவிடும். மா, பலா என்று பழப்பெயர் வைத்துவிட்டேன், வாழையும் உண்டு.

அடுத்தது சத்த அளவு. இரண்டு மிக்ஸ் அனுப்பி எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது எல்லாரும் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். யூலீன் லவுட்னஸ் மீட்டர் என்று ரீப்பரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு இலவச பிளகின் இருக்கிறது, அதில் போட்டுப் பார்த்தால் முதலாவது -19 லஃப்ஸ், இரண்டாவது -14. (லஃப்ஸ் என்பது சத்த அளவின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்.) ஐந்து டிபி (டெசிபல்) வித்தியாசம்! சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகத்தான் யாருக்கும் படும், அதிலும் சத்தம் குறையும்போது நம் காதுக்கு பேஸும் மேல்சத்தமும் தான் முதலில் குறைகின்றன. இரண்டையும் -16-க்குக் கொண்டுவந்து, வேறு ஆட்களுக்கு அனுப்பினேன். இப்போது பாதிக்குப் பாதி பிரிந்தார்கள். ஆக அந்த மிக்ஸுக்காக நான் செலவழித்த உழைப்பில் பெரும்பகுதி வெறும் வால்யூம்.

இதற்கு மேல் ஒரு குறும்பும் செய்தேன். மூன்று கோப்புகள் அனுப்புவேன், அதில் இரண்டு அச்சு அசல் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. ஒரு நண்பன், ஒலிக்கருவி விஷயத்தில் எங்கள் வட்டாரத்தில் அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது, ‘பலா ரொம்ப வார்ம், வாழையில டெப்த் இல்ல’ என்று ஒரு பக்கத்துக்கு எழுதினான். இரண்டும் ஒன்று. அவன் மேல் தப்பில்லை. இரண்டு கோப்பு கொடுத்தால் வித்தியாசம் இருக்கும் என்றுதான் யாரும் தேடுவார்கள். அவனிடம் சொல்லவும் இல்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். இந்த சோதனையில் என் அத்தை மகள்தான் முதல் மதிப்பெண். ‘ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் ரெண்டு தடவை அனுப்பின?’ என்று ஒரே வரி. அவளுக்கு இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது.

கோப்போடு அனுப்பும் கேள்வித்தாளிலும் இப்படித்தான் தட்டுத் தடுமாறிக் கற்றேன். முதல் கேள்வித்தாளில் ‘மிட்-ரேஞ்ச் எப்படி’, ‘டைனமிக்ஸ் போதுமா’ என்று பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. ஒருவரும் நிரப்பவில்லை. கடைசியில் நின்றவை நான்கு. எதில் கேட்டீர்கள்? எந்த இடத்தில் கவனம் சிதறியது, நிமிடம்-நொடி போடுங்கள். காதில் விழுந்த வரிகளை விழுந்தபடியே எழுதுங்கள். எந்தச் சத்தம் தெரியாமல் விழுந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள்?

நான்காவது கேள்வி லோ-ஃபைக்கென்றே போட்டது. ‘ஒலித்தரம் எப்படி’ என்று இந்த மாதிரி பாட்டுக்குக் கேட்க முடியாது, அழுக்கு வேண்டுமென்றேதான் இருக்கிறது. ஆனால் நான் வேண்டுமென்று வைத்த அழுக்கும் அதுவாக வந்த அழுக்கும் கேட்பவருக்குப் பிரிந்து தெரிகிறதா என்பதைக் கேட்கலாம். அனுப்புவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதி மடித்து வைத்தேன். வேண்டுமென்று வைத்தவை: டேப் ஹிஸ், தொடக்கத்தில் ‘ரெண்டு, மூணு’ என்று எண்ணுவது, நாற்காலி கிறீச். தானாக வந்தவை: கரண்டு ஹம், ஒரு இடத்தில் குரல் அளவு மீறிக் கரகரத்து கிளிப் ஆவது, பீரோ.

பதில்கள் தலைகீழாக வந்தன. பீரோவை ஒருவர்கூடத் தப்பு என்று சொல்லவில்லை. ‘அந்த ஷேக்கர் மாதிரி ஒண்ணு வருதே, அது நல்லாருக்கு’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் செல்லமாக வளர்த்த ஹிஸ்ஸைத்தான் எல்லாரும் தப்பு என்றார்கள். ஏன் என்று புரியாமல், அவர்கள் குறித்த நொடிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். அத்தனையும் பாட்டின் தொடக்கத்தையும் நடுவில் கருவிகள் நிற்கும் இடத்தையும் சுற்றியே இருந்தன. அங்கெல்லாம் டேப் டிராக்கை வெட்டி அமைதியாக்கியிருந்தேன், கருவிகள் திரும்ப நுழையும்போது ஹிஸ்ஸும் கதவைத் திறந்தாற்போல நுழைந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் இரைச்சலைக் காது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், நின்று நின்று வந்தால் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும். காலி டேப்பை ஓட்டி வெறும் ஹிஸ்ஸை ஐந்து நிமிடம் பதிந்து, முதல் எண்ணிக்கைக்கு முன்னாலேயே தொடங்கி இறுதிவரை ஒரே அளவில் அடியில் போட்டேன், முடிவில் நான்கு நொடியில் மெல்லத் தணித்தேன். உண்மையில் மொத்த ஹிஸ் கூடியிருக்கிறது. அடுத்த சுற்றில் ஒரு புகாரும் இல்லை.

முதல் கேள்வி, அதாவது எதில் கேட்டீர்கள் என்பது, சும்மா மரியாதைக்குக் கேட்பது மாதிரி இருக்கும். அது இல்லையென்றால் மற்ற பதில்களுக்குப் பொருளே இல்லை. முதல் பாட்டின் கிட்டாரை ஹெட்ஃபோனில் கேட்டவர்கள் ‘நல்லா அகலமா இருக்கு’ என்றார்கள், ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டவர்கள் ‘குழாய்க்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்கு’ என்றார்கள். ஒரே கிட்டாரை நகலெடுத்து 12 மில்லிசெகண்ட் தள்ளி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்திருந்தேன். இரண்டு காதிலும் தனித்தனியாக விழும்வரை அகலம்தான். ஒரே ஸ்பீக்கரில் கூடும்போது அதே அலை தன்னைத்தானே சில இடங்களில் அடித்துக்கொள்கிறது, கிட்டாரின் சதையே போய்விடுகிறது. ரீப்பரில் மொத்த ஒலியை மோனோவுக்கு, அதாவது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, மாற்றிக் கேட்டால் எனக்கே குழாய் கேட்டது. நகலை அழித்துவிட்டு இரண்டாவது கிட்டாரை உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். ஒரே ஆள் இரண்டு தடவை வாசித்தாலும் விரல் ஒரே மாதிரி விழாது, அந்த வித்தியாசமே போதும், மோனோவிலும் தாங்குகிறது.

இப்போது பேஸ். அந்த ஆக்டோபேட் நண்பனின் குழுவில் பேஸ் வாசிக்கிறவர் இரண்டாவது பாட்டைக் காரில் கேட்டுவிட்டு இப்படி எழுதினார்: ‘தம்பி, ஏ கார்டு வர்றப்பல்லாம் பேஸ் வாசிக்கிற ஆளு டீ குடிக்கப் போயிடுறாரு.’

இது எனக்குப் புரியவே இல்லை. என் அறையில் ஏ ஸ்வரம்தான் எல்லாவற்றையும்விட ஓங்கி ஒலித்தது. அது ஓவராக முழங்குகிறது என்பதால்தான் ஈக்யூவில் (ஒலியை அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) 55 ஹெர்ட்ஸ் பக்கம் 8 டிபி வெட்டியே இருந்தேன். விரல் அழுத்தம் போதவில்லை என்று நினைத்து அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தேன். கம்பியை மாற்றினேன், இரவல் கிட்டாருக்குப் புதுக் கம்பி, அதற்கு 1,200 ரூபாய். ஃபேடரை ஏற்றினால் ஏ வருகிறது, ஆனால் மற்ற ஸ்வரங்கள் காரின் கதவைக் குலுக்குகின்றன. கடைசியில் ஈக்யூவை எடுத்துவிட்டு பேஸ் டிராக்கின் மீட்டரை மட்டும் பார்த்தேன். எல்லா ஸ்வரமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அப்படியென்றால் முழங்குவது பேஸ் அல்ல, என் அறை.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் டோன் உண்டாக்கும் வசதி இருக்கிறது. 40 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏறும் ஒரு ஒலியை உண்டாக்கி 2.1 ஸ்பீக்கரில் ஓட்டினேன். ஐம்பதைத் தாண்டியதும் மாட்டியிருந்த காலண்டரின் தகரப் பட்டி நடுங்க ஆரம்பித்தது, 56 பக்கம் வந்தபோது காதே அடைத்தது, அறுபதைத் தாண்டியதும் அடங்கிவிட்டது. 56-லேயே நிறுத்தி வைத்துவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தேன். சுவரோரம் முழக்கம், நடு அறையில், சரியாக விசிறிக்குக் கீழே, ஒலியே காணோம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். 343-ஐ 6.1-ஆல் வகுத்தால் 56. அறை சதுரம் என்பதால் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அதே 56 வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. பேஸ் கிட்டாரின் திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். போதாக்குறைக்கு சப்-வூஃபர் மூலையில், என் தலை சுவரோரம். இல்லாத முழக்கத்தை வெட்டி, பாட்டிலிருந்த ஏ ஸ்வரத்தையே குழிதோண்டிப் புதைத்திருக்கிறேன்.

இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. முட்டை அட்டை ஒட்டச் சொல்லி ஒருவர் அடம்பிடித்தார், இந்த அலை ஆறு மீட்டர் நீளம், முட்டை அட்டையை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. சப்-வூஃபரை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுத்தேன், நாற்காலியைச் சுவரைவிட்டு முன்னால் நகர்த்தினேன், பேஸ் சம்பந்தப்பட்ட முடிவுகளை ஹெட்ஃபோனில் மட்டும் எடுத்தேன். 55-ல் வெட்டியதை நீக்கிவிட்டு, பேஸ் டிராக்கில் கொஞ்சம் டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, சேர்த்தேன். ஃபோன் ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் எப்படியும் வராது, ஆனால் டிஸ்டார்ஷன் சேர்த்தால் அதன் மடங்குகள், 110, 165, 220 என்று மேலே கிளம்பும், அவற்றைக் கேட்டுக் காது அடியிலுள்ளதைத் தானே நிரப்பிக்கொள்ளும். காரில் கேட்டவர் திரும்ப எழுதினார்: ‘ஆளு சீட்டுக்கு வந்துட்டாரு.’

வரி எழுதும் கேள்விக்கு வந்த பதில்களை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். முதல் பாட்டு வாடகை வீட்டைப் பற்றியது. ‘கதவு திறந்தே கிடக்குது’ என்று நான் பாடியதைப் பெரும்பாலானோர் ‘கனவு திறந்தே கிடக்குது’ என்று எழுதியிருந்தார்கள். ‘வாடகை மறந்து போச்சு’ என்பது ‘வாசனை மறந்து போச்சு’ ஆகியிருந்தது. ஒருவர் இதைக் காதல் தோல்விப் பாட்டு என்று நினைத்து ஆறுதல் வேறு சொல்லியிருந்தார். எந்த வரியைத் தவறாகக் கேட்டார்களோ அங்கெல்லாம் கிட்டார் டிஸ்டார்ஷனில் இருந்தது. உயிரெழுத்து நீள்வது காதில் விழுகிறது, நடுவிலுள்ள த, ட, ச எல்லாம் கரைந்துவிடுகிறது.

குரலை ஏற்றினேன். ஏற்றினால் கரோக்கி மாதிரி ஆகிறது, கிட்டார் பின்னால் போய்விடுகிறது. ஹெட்ஃபோனைக் கழற்றி வீசாத குறை. எங்கள் தெருமுனையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். பென் டிரைவை வாங்கி, குடோனில் அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றில் ஓடவிட்டார். ஒரு சரணம் முடிவதற்குள், “பாடுறவனை எதுக்குத் தம்பி கிட்டாருக்குப் பின்னாடி நிக்க வெச்சிருக்க?” என்றார். குரலை ஏற்றிப் பார்த்துவிட்டேன் என்றேன். “அவனை ஏத்தாத, இவனை ஒதுக்கு” என்று சொல்லி, 31 பட்டை ஈக்யூவில் 2.5 கே (கிலோஹெர்ட்ஸ்) பட்டையைச் சுண்டுவிரலால் கீழே இழுத்தார். மொத்தப் பாட்டும் மங்கினாலும் உள்ளே இருந்து ‘வாடகை’ எட்டிப் பார்த்தது. மெய்யெழுத்துகள் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு கிலோஹெர்ட்ஸுக்குள் பிழைப்பு நடத்துகின்றன, டிஸ்டார்ஷன் கிட்டாரும் அங்கேதான் கடை விரிக்கிறது. மேடையில் பாகவதர் முதல் பட்டிமன்றம் வரை யார் வாயைத் திறந்தாலும் கடைசி வரிசைக்கு வார்த்தை போய்ச் சேர வேண்டும் என்பதையே தொழிலாக வைத்திருக்கும் மனிதர், ராக் பாட்டு கேட்டதே இல்லை. என் பட்டியலில் இருந்த கிட்டார் நண்பர்கள் அத்தனை பேரையும்விட அவர் சொன்னதுதான் வேலைக்கு ஆனது.

வீட்டுக்கு வந்து கிட்டார் டிராக்குகளில் மட்டும் 2.5 கே பக்கம் 4 டிபி, அகலமான வளைவாக இறக்கினேன். கிட்டார் ஏற்கெனவே டேப் மிக்ஸுக்குள் ஒட்டிக்கொண்டிருந்ததால், லேப்டாப்பிலுள்ள மூல டிராக்குகளில் திருத்தி, மறுபடி டேப்பில் ஏற்றி இறக்கி, அதன்மேல் மறுபடி பாட வேண்டியிருந்தது. அடுத்த சுற்றில் கதவு கதவாகவே வந்தது. ‘வாடகை’யையும் எல்லாரும் பிடித்துவிட்டார்கள், ஒரே ஒருவர் தவிர, அவர் சமையலறையில் மிக்ஸி ஓடும்போது கேட்டதாக நேர்மையாக எழுதியிருந்தார்.

ஹம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் பாதி போகிறது. மீதி 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) வழியாக வருகின்றன. டியூப்லைட்டை அணைத்து, விசிறி ரெகுலேட்டரையும் அணைத்து, கிட்டாரை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு திசையில் கணிசமாகக் குறைகிறது. என் அறையில் அது கிழக்கு. வாஸ்து பார்ப்பவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்ததில், சுவரிலுள்ள மூன்று துளை சாக்கெட்டில் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை என்று தெரிந்தது, அதைப் போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அதுவரை ஆம்பைத் தொட்டுக்கொண்டு ஈரக்கையோடு மைக்கைப் பிடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவனம் சிதறிய இடம் எது என்ற கேள்விக்குத்தான் மிக்ஸில் பதில் இல்லை. மூன்றாவது பாட்டில் கிட்டத்தட்ட எல்லாரும் 2:40-க்கும் 3:00-க்கும் இடையே ஒரு நொடியைக் குறித்திருந்தார்கள். என் சோலோ அங்கே இருக்கிறது. ஈக்யூ, ரிவர்ப், டேப் எல்லாம் செய்து பார்த்துவிட்டு, சோலோவைப் பாதியாக வெட்டினேன். வெட்டியதை யாரும் தேடவில்லை, அதுதான் கொஞ்சம் வலித்தது.

பேஸ் கம்பியையும் சேர்த்து, ஆம்ப் நீங்கலாக மொத்தம் 15,000 ரூபாய் தாண்டவில்லை, அதில் ரீப்பர் உரிமத்தைச் சேர்க்கவில்லை. கருத்து சொன்னவர்களுக்கு ஆளுக்கொரு பிரியாணி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது வந்தால் கணக்கு எகிறும்.

நான்காவது பாட்டில் சிலவற்றை மாற்றப் போகிறேன். வரி எழுதும் சோதனையை டேப்பில் ஏற்றுவதற்கு முன்பே, கச்சா மிக்ஸிலேயே நடத்திவிட வேண்டும், இரண்டு முறை பாடும் வேலை மிச்சம். ஒரே ஆளை எல்லாச் சுற்றிலும் கேட்கக்கூடாது. வரிகள் ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் அவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும், அதனால் சுற்றுக்கு நான்கு புது ஆட்கள் என்று பிரித்து வைத்திருக்கிறேன். பீரோவுக்குத் தனியாக ஒரு டிராக். டேப்பில் ஏற்றும் மிக்ஸின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு ‘டக்’ சத்தம் வைக்கப் போகிறேன், இறக்கிய பிறகு இரண்டு ‘டக்’குக்கும் இடையிலுள்ள நீளத்தை அளந்தால் டெக் எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று தெரிந்துவிடும். பெல்ட்டையும் மாற்றிவிட்டேன், புது பெல்ட் 40 ரூபாய், முந்தையது மூன்று மாதத்திலேயே தொய்ந்துவிட்டது.